உமது பெயருக்குக் கீழே

நண்பரே,

அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பிரதி மேசையில் கிடக்கிறது. மை மணம் இன்னும் போகவில்லை. உமது முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கப்போகும் நினைவுப் புத்தகம், நம்மவர் வழக்கில் கல்வெட்டு. படம் நன்றாக வந்திருக்கிறது. பெயருக்குக் கீழே, நீர் யார் என்று சொல்ல ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறார்கள். அதை நிரப்பும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

பத்திரிகையில் பிழை திருத்துகிறவனுக்கு ஒரு சொல் கிடைக்காதா என்று நினைக்கிறார்கள். எனக்கோ தலை சுற்றுகிறது. தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிவிட்டு வந்து, கனடாவில் உமது வோபர்ன் வீட்டுத் தொலைபேசி யாருக்கும் கிடைக்காதபடி, அதே கம்பியில் வந்த இணையத்தில் குந்திக்கொண்டு நீர் நாளும் எழுதிப் போட்டதற்கு என்ன பேர்? நாட்குறிப்பு என்றால் மூடி வைக்கவேண்டும். நீரோ நோர்வேயில் இருக்கிறவனுக்கும் திறந்து விட்டீர். சஞ்சிகை என்று வைத்து இதழ் எண் போடும்படி சொல்லிப் பார்த்தேன். கோப்பிக் கடையில் இருந்து சிரித்தீர். "சஞ்சிகை எண்டால் முடிச்சு வெளியாலை விடவேணும். நான் இன்னும் முடிக்கேல்லையே, ஐசே" என்றீர். எழுத்தாளர் என்றாலோ உமக்குக் கோபம் வரும்.

'ஹோம் பேஜ் வைத்திருந்தவர்' என்று போடலாமே என்கிறான் உமது மகன். செத்துப்போன மனிதனின் பெயருக்குக் கீழே அதை எப்படிப் போடுவது? உமது மனைவி முந்தநாள் கேட்டார்: "இவ்வளவு காலமும் அந்த அறைக்குள்ளை இருந்து இவர் என்ன செய்தவர், அண்ணை? ஆக்கள் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

உமது கொம்பியூட்டரைப் போட்டு, நீர் எழுதியதில் ஒன்றை வாசித்துக் காட்டினேன். கையில் அகப்பட்டது, நீங்கள் இருவரும் கனடாவில் கழித்த முதல் பனிக்காலம் பற்றியது. மார்க்கம் வீதி பஸ் தரிப்பில் உமது மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுததாகவும், என்ன சொல்லித் தேற்றுவதென்று தெரியாமல் நீர் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றதாகவும் எழுதியிருந்தீர்.

அவர் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தார்.

"அப்ப அவர் கண்டவரோ?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு உம்மில் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஊர்பேர் தெரியாதவர்களெல்லாம் வாசித்ததைப் பக்கத்து அறையில் இருந்தவருக்கு நீர் சொல்லவில்லையே. இது பகிரங்கமா, அந்தரங்கமா? இரண்டும் சரி போலத் தெரிகிறது, இரண்டும் பிழை போலவும் தெரிகிறது.

அந்த வரியே வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று அச்சகத்துக்குச் சொல்லிவிட்டேன். சொல் கிடைக்கவில்லை, இனிக் கிடைக்குமென்றும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் உமது மனைவி. "மற்றதுகளையும் வாசியுங்கோ, அண்ணை. ஒவ்வொண்டாய்" என்றார்.

நீர் அவரிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் இனி என் குரலில்தான் அவர் கேட்கப்போகிறார்.