திருடன் கேட்கிறானா, நீ கேட்கிறாயா?

டேய், உன் நோட்டை இன்று மறுபடி எடுத்தேன். ரெக்சின் அட்டையில் இன்னும் உன் தம்பியின் செல்போன் கவர் கடை வாடைதான் அடிக்கிறது. நீ நடத்திய ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை இப்போது நான்தான் நடத்துகிறேன். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை வளர்க்கிற அதே ஆட்டம். புதிதாக வந்த பெண் ஒருத்தி, "அண்ணே, எதிரியத்தான் கொல்லணுமா? கூட வர்றவனையும் கொல்லலாமா?" என்று கேட்டுவிட்டாள். விதி எழுதியிருப்பாய் என்று புரட்டினேன். பரிசலில் எத்தனை பேர் ஏறலாம், குதிரைக்கு எம்புட்டுப் புல் வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஏன் இல்லை என்று எனக்குத் தெரியாதா? உன் தம்பி கடைக்கு மேலே, ஆரப்பாளையம் மாடி அறையில் அன்று இருந்தது நீ, நான், கண்ணன், மூன்று பேர்தானே.

அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. திருமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு யார் யாரோ வந்து போனார்கள், கண்ணன் வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நம்மோடு திரிந்தவன், எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவன், போனில் இரண்டு வார்த்தை விசாரித்ததோடு சரி. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீ கூப்பிட்டாயே என்று ஆட்டத்துக்கு வந்தேன். அவன் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை.

கதையில் அப்போது பஞ்சம். நான் ஆடியது திருடன். கண்ணன் ஆடிய வைத்தியன் ஒரு தோல்பைத் தண்ணீரை மறைத்து வைத்திருப்பது தெரிந்தது. "என் திருடன் அவன மலையில இருந்து தள்ளிவிடுறான்" என்று பகடையை எடுக்கப் போனேன். நீ அதன்மேல் கையை வைத்து மூடினாய்.

"மாப்ள, இத உன் திருடன் கேக்குறானா, நீ கேக்குறியா?"

எனக்கு வந்ததே கோபம்! "என்னடா பெரிய வித்தியாசம்? உருட்ட விடு" என்று கத்தினேன். நீ கையை எடுக்கவில்லை. "திருடன் கேட்டா கொல்லட்டும், தடுக்க நான் யாரு? நீ கேட்டா, அந்தா உக்காந்திருக்கான், அவன்கிட்ட நேரா கேளு."

வேறொருவனாக இருந்தால் பேச்சை மாற்றியிருப்பான். அத்தனை வாயாடியான நீ, எங்களுக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தாய். இப்போதும் உன்மேல் பொறாமையாக இருக்கிறது. எனக்கு அது வராது.

கேட்டேன். "எங்கப்பா சாவுக்கு ஏண்டா வரல?"

கண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "அவ முழுகாம இருக்கா மாப்ள. ஏற்கெனவே ரெண்டு தடவ கலைஞ்சு போச்சு. அஞ்சு மாசம் முடியிற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு அத்தை சத்தியம் வாங்கிருச்சு. மாசமா இருக்கவ புருசன் எழவு வீட்டுக்குப் போகக் கூடாதாம்ல. மீறிப் போயி ஏதாச்சும் ஆயிட்டா? பயந்துட்டேன்டா. உங்க தெருமுக்கு வரைக்கும் வந்துட்டுத்தான் திரும்புனேன்."

சொல்லும்போதே அழுதுவிட்டான். எனக்கு மட்டும் என்ன கல் மனசா? இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். நீ கீழே போய் மூன்று டீ வாங்கி வந்து வைத்தாய். பகடையை என் பக்கம் தள்ளினாய்.

"சரி, இப்ப திருடன் என்ன சொல்றான்?"

"தண்ணியப் பதுக்குனவன விட மாட்டானாம்."

"தள்ளிவிடுறா. அந்த வைத்தியன் ஒண்ணும் யோக்கியன் இல்ல" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தான் கண்ணன். உருட்டினேன். வைத்தியன் செத்தான். சாகக் கொடுத்தவனே கைதட்டிய கொலை அதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் பெண்ணிடம் தாராளமாகக் கொல்லலாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, அவள் முகத்தையும் அவள் குறிவைத்த பையன் முகத்தையும் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டேன். உன் சாமர்த்தியத்தில் எனக்கு வந்திருப்பது இவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் நீ பொசுக்கென்று போய்விட்டாய். கண்ணன் மனைவிக்கு அப்போது இரண்டாவது பிள்ளை, ஏழாம் மாதம். அவன் வர மாட்டான், யாரும் தப்பாக நினைக்கக் கூடாது என்று நானே உன் தம்பியிடம் சொல்லி வைத்திருந்தேன். உன்னைத் தூக்கும் நேரத்தில் எனக்கு எதிர்ப்பக்கம் கண்ணன் வந்து தோள் கொடுத்தான்.

"டேய், வீட்டுல?" என்றேன்.

"அவதான் அனுப்புனா. 'அந்த அண்ணன் இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் என்னைக்கோ அத்துப் போயிருப்பீங்க, போய்த் தூக்குங்க'ன்னுட்டா."

பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டாள்டா. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.