ஒரே தடவை கூப்பிட்ட குரல்

பொன்னம்மாள் அக்காவுக்கு, நெய்வேலியிலிருந்து தம்பி சோமு கும்பிட்டு எழுதுவது. உன் மூட்டுவலி தேவலையா? நான் ராஜா மாதிரி இருக்கிறேன்.

சுரங்கத்துக்காகக் காலி செய்த ஊரில்தான் எங்கள் பேய்ப்பட ஷூட்டிங். என்னைக் கேட்காமல் டைரக்டர் கேமராவைத் திருப்புவதில்லை என்று பிள்ளைகளிடம் சொல். நேற்று மத்தியானம் வெறும் ஊரின் சத்தத்தைப் பதிவு செய்ய எல்லோரையும் அசையாமல் நிற்க வைத்தார்கள். நான்தான் சிங்கம் போல "சைலன்ஸ்!" என்று கத்தினேன். அந்த அமைதியில், கூரையில்லாத ஒரு வீட்டுக்குள்ளிருந்து "சோமு" என்று கேட்டது. அப்படியே உன் குரல். "என்னக்கா?" என்று பதில் சொல்லிவிட்டேன்.

பதிவைப் போட்டுக் கேட்டால் என் குரல் மட்டும்தான் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். டீ போடுகிற பொற்கொடி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்த ஊர்க்காரி.

"இன்னாண்ணே, மூணு வாட்டி கூப்புட்டாதான ஏன்னு கேக்கணும்? அது ஒரு வாட்டிதான் கூப்புடும். பதில் குடுத்துட்டா கூடவே வந்துகினு இருக்கும்" என்றாள்.

எனக்கென்ன பயம்? இன்று டைரக்டர் கூப்பிட்டபோதும் மூன்றாம் தடவைதான் திரும்பினேன். செவிடா என்கிறார்.

கொஞ்சம் நாரத்தங்காய் ஊறுகாயும், குலசாமி கோயில் திருநீறும் அனுப்பு. போன் செய்தால் என் பேரை மூன்று தடவை சொல்லு, அக்கா. நான் தங்கியிருக்கும் மந்தாரக்குப்பத்து அறையில் உட்கார்ந்து இதை எழுதும்போதே வாசலில் உன் குரல் கேட்டது. ஒரு தடவைதான். நான் வாயைத் திறக்கவில்லை.

அவசரத்தில்,
தம்பி சோமசுந்தரம்