நாற்காலியின் அகலம்

என்னங்க,

டிக்கெட் கவுன்ட்டரில் இன்று எனக்குக் காலை ஷிப்ட். நீங்கள் அசந்து தூங்கினீர்கள், எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்பு மேடையில் மூடி வைத்திருக்கிறேன்.

போன வாரம் நான் உட்கார்ந்து முறிந்த நாற்காலிக்குப் பதில் புதிது செய்ய, பத்து மணிக்குக் கார்பென்டர் வருவார். இருக்கை எவ்வளவு அகலம் என்று கேட்பார்.

நேற்று நமக்குச் சண்டை வந்ததே அதில்தான். உடம்பு இளைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டால் ஓர் அளவு, வேண்டாமென்றால் வேறு அளவு. "என்னதான் முடிவு பண்ணியிருக்க?" என்று கத்தினீர்கள். ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரே, "நிறைய பேருக்கு நல்லா வருது, உங்களுக்கு எப்படின்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்கிறார். நான் மட்டும் எதை வைத்துச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாள் தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன், நச்சரிக்காதீர்கள்.

அதுவரை நின்றுகொண்டே சாப்பிட முடியாது. கார்பென்டரிடம் என் இப்போதைய அளவையே சொல்லுங்கள். பழைய நாற்காலியைவிட ஒரு சாண் கூட இருக்கட்டும்.

வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

இன்னொன்று. நான் இளைத்துவிட்டால் நாற்காலி வீண் என்று கணக்குப் போடாதீர்கள். மீதி இடத்தில் நீங்கள் உட்காரலாம்.