வில்லுக்குப் போட்டியில்லை

வெள்ளி, இரவு.

ஆன்லைன் கேமில் அந்தத் தங்க வில் இன்றைக்கு எனக்கு விழுந்தது. குகையில் பூதத்தைக் கொன்றால் ஏதாவது பொருள் விழும். அதைப் பயன்படுத்துகிறவர்கள் மட்டும்தான் வேண்டுமென்று கேட்கலாம்; கேட்கிறவர்களுக்குள் குலுக்கல். எங்கள் டீமில் முன்பு வில்லாளிகள் இரண்டே பேர், நானும் சாந்தோம் ஸ்டீபனும். போன மாதம் அவனிடம், "கேடயம் பிடிக்க ஆள் இல்ல மச்சி, நீ மாறிக்கோ" என்றேன். மாறினான். ஆள் இல்லை என்பது பொய்யில்லை. நான் தேடவில்லை, அவ்வளவுதான்.

வில் விழுந்ததும் என்னைவிட அவன்தான் ஹெட்செட்டில் கத்தினான். "சூப்பர் மச்சி! இனிமே நான் பழையபடி வில் எடுக்கலாமா?"

"இன்னும் ஆள் கிடைக்கலடா" என்றேன்.

அடுத்த குகையில் அம்பறாத்தூணி விழும். அதுவும் வில்லாளிக்குத்தான்.