மேடத்தின் போர்வை

என் கண்ணுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று திட்டாதே, மன்னித்துக்கொள், பகலில் எழுதினால் உன் அப்பா தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார், இது அவர் பார்க்க வேண்டிய கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், கழுத்துவலி இல்லாமல் நீ அங்கே நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். நாயும் நேற்றிலிருந்து நலம். அந்த நேற்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

வளர்ந்த நாய், ஆறு வயதுவரை வேறு வீட்டில் இருந்தது, அவசரப்படுத்தாதே, ஒரு மூலையை அதற்கென்று விட்டுவிடு, ஒரே ஆள் ஒரே நேரத்துக்குச் சோறு வை என்று நீ அனுப்பியதை எல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். காலையில் நடத்திக் கூட்டிப் போவது நான், தட்டு கழுவுவது நான், உண்ணி பார்ப்பது நான், பால்கனியில் மூத்திரம் துடைப்பதும் நான். உன் அப்பா ஒரு வரி படிக்கவில்லை. வேலை முடிந்து வந்து தரையில் காலை நீட்டிப் பேப்பரைப் பிரிப்பார், மூலையில் படுத்திருக்கும் நாய், அவள் எழுந்து போய் அவர் முழங்கால்மேல் தாடையை வைத்துக்கொள்வாள். "என்ன மேடம், இன்னிக்கு வேலை ஜாஸ்தியா?" என்று கேட்பார். இருபத்திரண்டு வருஷமாக எனக்கு 'இங்க பாரு' என்பதுதான் பெயர், வந்து பதினெட்டு நாள் ஆன நாய்க்கு மேடம். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் எழுந்து மேசைக்கு அடியில் போய்விடுகிறாள். "நீ முறைச்சு முறைச்சுப் பாத்தா அது என்ன பண்ணும்?" என்று அவர் சிரிக்கிறார். நான் பாசமாகப் பார்ப்பது அவருக்கு முறைப்பாம். நீ சிரிக்காதே, நீயும் இதே கதைதான். கல்லூரிக் கடைசிப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதியவள் நான், நீ முதல் அடி எடுத்துவைத்து நடந்து போனது அவரிடம். இன்றைக்கும் நீ கூப்பிட்டால் அவர் போன்தான் அடிக்கிறது.

அவளோடு ஒரு போர்வையும் வந்தது. அவளை வளர்த்த வாட்ச் ரிப்பேர்காரர் மகன் வீட்டோடு போய்விட்டார், அந்தக் குடியிருப்பில் நாய் கூடாதாம், அதனால்தானே நமக்குக் கொடுத்தார். அவருடைய போர்வை அது. எண்ணெயும் வியர்வையுமாக ஒரு வாசனை, அதில் மூக்கைப் புதைத்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம். செவ்வாய்க்கிழமை அதை எடுத்து வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, இரண்டு தடவை அலசிக் காயப்போட்டேன். அழுக்கு என்று அப்பாவிடம் சொன்னேன். உன்னிடம் பொய் சொல்ல வரவில்லை. என் கையால் சாப்பிட்டுவிட்டு இன்னொருவர் வாசனையில் போய்ப் படுக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ கிளம்பின அன்று கழற்றி மாட்டிய நீலச் சட்டை எட்டு மாதமாக உன் அறைக் கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்குகிறது, நான் துவைக்கவும் இல்லை, யாரையும் தொட விட்டதும் இல்லை. அப்படிப்பட்ட நான்தான் இதைச் செய்தேன்.

அவள் போர்வையை ஓரம் ஓரமாக மோந்து பார்த்தாள், ஒருமுறை சுற்றி வந்தாள், வெறுந்தரையில் போய்ப் படுத்துவிட்டாள். புதன், வியாழன் இரண்டு நாளும் தட்டைத் தொடவில்லை. அப்பா "மேடம், எனக்காக ஒரு வாய்" என்று கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினார், மூன்று வாய் வாங்கிக்கொண்டாள், பட்டினி கிடந்த பிராணி அவரிடம் சாப்பிட்டதுகூட எனக்குப் பொறுக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

இத்தனை நாள் அந்த வாட்ச் கடை இருக்கும் தெருவே வேண்டாம் என்று அவளைச் சுற்று வழியில் கூட்டிப் போனவள், நேற்று நானே தனியாகக் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும், கண்ணில் வைத்த லென்ஸைக்கூட எடுக்காமல், "சாப்பிடுறாளாம்மா?" என்றார். துவைத்ததைச் சொன்னேன். திட்டவில்லை. "என்னைய மறந்திருப்பா, இல்ல?" என்றார். "எங்கங்க மறந்தா, அந்த வாசனை இல்லாம வாயே திறக்க மாட்டேங்கிறா" என்றேன். கவலைப்பட வேண்டிய மனுஷர், முகத்தில் சட்டென்று ஒரு சந்தோஷம் வந்தது, வந்த வேகத்தில் குனிந்து மறைத்துக்கொண்டார். எனக்கு அந்தச் சந்தோஷம் நன்றாகத் தெரியும் கண்ணு. "இங்க சாப்பாடு நல்லாவே இல்லம்மா" என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு வருவது அதுதான்.

ஆணியில் மாட்டியிருந்த அவர் வேலைச் சட்டையைக் கொடுத்தார், மூலையில் விரித்தேன். அரை மணி நேரத்தில் தட்டு காலி. "பாத்தியா, நான் கெஞ்சுனதுக்குப் பலன்" என்கிறார் உன் அப்பா, சொல்லிக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அவளைப் பாருங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் கிளம்பும்போது பின்னாலேயே ஓடப் பார்ப்பாள், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவது நான்தான். கூப்பிட்டதும் நானே, இப்போதே வயிறு எரிவதும் எனக்கே.

நீ நன்றாக இரு, நூறு வயசு இரு. அங்கே இருப்பவர்களோடு ஒட்டிக்கொள். சாப்பாடு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றே சொல், நான் தாங்கிக்கொள்வேன். கழுத்தை வலிக்கவைக்கும் அந்தத் தலையணையை மாற்ற மறக்காதே. போர்வையை ஏன் துவைத்தேன் என்பது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். பதிலை என் பெயருக்கு எழுது, சீக்கிரம் எழுது.

உன்
அம்மா