மகாராணியின் மாமன் மகன்

14 மார்ச் 1971, ஞாயிறு. தாம்பரம்.

சர்ச்சிலிருந்து திரும்பியதும் கூடுவாஞ்சேரி மாமா வந்துவிட்டார். தன் மகன் சாலமனுக்கு என் தங்கை ஸ்டெல்லாவைக் கேட்டார். கேட்டார் என்ன, முடிவே செய்துகொண்டு வந்திருந்தார். அவளோ நாளை கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர வேண்டும்.

"அப்படி இன்னா ஆராய்ச்சிம்மா?"

"கோபர்க், மாமா. ஜெர்மனியில ஒரு குட்டி சமஸ்தானம். அந்த வீட்டுப் பிள்ளைங்கதான் பெல்ஜியம், போர்ச்சுகல், பல்கேரியான்னு போய் ராஜா ஆனாங்க. போன நூற்றாண்டு இங்கிலாந்து மகாராணிக்கும் அந்த வீட்டு மாப்பிள்ளைதான். சொந்தத் தாய்மாமன் மகன்."

கெட்டது காரியம் என்று நினைத்தேன். மாமா தொடையைத் தட்டினார்.

"கேட்டியா தங்கச்சி! மகாராணியே மாமன் மகனைக் கட்டிக்கினா. உன் பொண்ணுக்கு இன்னா வந்துது?"

அம்மா தலைகுனிந்தாள். ஸ்டெல்லா குனியவில்லை.

"அங்க மாப்பிள்ளை வீட்டுல வந்து கேட்கல மாமா. சிம்மாசனத்துல இருக்கறவளை யாரும் கேட்கக் கூடாது. அவளேதான் கேட்டா. நான் சாலமனைக் கேட்கல."

மரையில் போல்ட் இறங்கியது போல் உட்கார்ந்தது பதில். வரலாறு எதற்கு உதவும் என்று இனி நான் வாய் திறக்க மாட்டேன்.

மாமா சாப்பிடாமல் எழுந்தார். நான் வழியனுப்பப் போன ஸ்டேஷனில், "உன் தங்கச்சிக்கு வாய் ஜாஸ்திடா" என்றார். "ஆமா மாமா" என்றேன். குரலில் இருந்த பெருமையை மறைக்கத் தெரியவில்லை.

அம்மா இன்னும் யாரோடும் பேசவில்லை. அண்ணன் உறவு அறுந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு. எனக்கும்தான். ஆனால் இப்போது கூடத்தில் கரிப்பெட்டி சத்தம். ஸ்டெல்லா நாளை கட்டிக்கொண்டு போகும் புடவைக்கு இஸ்திரி போடுகிறாள்.