ஒரே குப்பியில் பன்னிரண்டு டிரம்

மார்ச் 3
இருமல் மருந்துக்கான கிளிசரின், பன்னிரண்டு டிரம் வந்திறங்கியது. ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்க வேண்டும் என்பது விதி. நான் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எடுத்து, ஒரே குப்பியில் கலந்து, ஒரே சோதனையில் முடித்தேன். எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் செய்வதுதான். தேறிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு, பெரிய கெட்டிக்காரி மாதிரி நான்கு மணிக்கே வீடு வந்தேன்.

மார்ச் 19
மருந்துக்குப் போனது போக ஒரு டிரம்மில் பாதி மிச்சம். இன்று அதை மட்டும் தனியாகச் சோதித்தேன். டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கிறது — அனுமதித்த எல்லையைப் போலப் பத்து மடங்கு.

கிளிசரின், இது, இரண்டு மூலக்கூறிலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன்தான். கோர்த்திருக்கும் விதம்தான் வேறு. இரண்டும் நிறமில்லாமல், கெட்டியாக, தித்திப்பாக இருக்கும். ஆனால் டைஎத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தை முடக்கும். குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோகும். மற்ற பதினொன்றோடு கலந்து நீர்த்ததால் அன்று தேறியிருக்கிறது.

ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

மார்ச் 20
மேலாளரிடம் சொன்னேன். "ஊதிப் பெருசாக்காதீங்கம்மா. எல்லாருக்கும் வேலை போயிடும்."
வீட்டுக்காரர் ஒன்றுதான் கேட்டார்: "புகார் கொடுக்கறதுக்குப் போய் யோசிக்கிறியா?"

மார்ச் 21
மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மாலைக்குள் வேலை போனது.

மார்ச் 27
அலுவலர் போன் செய்தார். அந்த மருந்து முழுவதையும் கிடங்கிலேயே பிடித்துவிட்டார்களாம். ஒரு பெட்டி மட்டும் கடைக்குப் போயிருக்கிறது. பத்து பாட்டிலில் ஒன்பது திரும்பிவிட்டது. பத்தாவதை வாங்கியது ஒரு தையல்காரம்மா, மூன்று வயது மகளுக்காக.

மார்ச் 28
காலையிலேயே மருந்துக் கடைக்காரரிடம் வழி கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். பாட்டில் காலி.

"இனிப்பா இருக்குன்னு கேட்டுக் கேட்டுக் குடிச்சுட்டா" என்றார் தையல்காரம்மா. குழந்தை ஒன்றுக்குப் போகிறாளா என்று மட்டும் கேட்டேன்.

"அதை ஏன் கேக்கறீங்க? இன்னிக்கும் மெத்தையை நனைச்சு வெச்சிருக்கா."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நனைந்த மெத்தைக்கு இப்படி அழுகிறவளை அவர் பார்த்திருக்க மாட்டார். மருந்தில் கோளாறு என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரத்தத்தில் பழுதில்லை என்றார்கள்.

திரும்பும் பேருந்தில் குழந்தை என் தோளில் தூங்கிப்போனாள். "நீங்க மட்டும் வரலேன்னா..." என்று அவர் என் கையைப் பிடித்தார். அந்த மருந்தைத் தேறவிட்ட கையெழுத்து என்னுடையது என்று அப்போதுதான் சொன்னேன்.

அவர் குழந்தையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார்.